பதினேழாம் பக்கத்துப் புள்ளி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பெரியம்மாவின் மகள் ஒரு இரகசியத்தைச் சொல்லித் தந்தா. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் பதினேழாம் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி இருந்தால் புத்தகம் நல்லது. இரண்டு புள்ளி இருந்தால் மிக நல்லது. பெருக்கல் குறி இருந்தால் அப்படியே மூடி வைத்துவிடலாம். புள்ளியை முதலில் வைத்தது யார் என்று அக்காவுக்கும் தெரியாது. அவவுக்கு அவவின் வகுப்புத் தோழி சொல்லிக் கொடுத்தது. நானும் என் வகுப்பில் மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒருநாள் நான் புள்ளி வைக்கும்போது அங்கு வேலை செய்த ஐயா ஒருவர் கண்டுவிட்டார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் மேசை இலாச்சியில் இருந்து அழிறப்பரை எடுத்து என் கையில் தந்து, "நல்லதெண்டால் வாயாலை சொல்லு பிள்ளை, புத்தகத்தைக் குத்தாதை" என்றார். அழித்தேன். ஆனால் மற்றப் புத்தகங்களில் இருந்த புள்ளிகளை அவரும் அழிக்கவில்லை, நாங்களும் அழிக்கவில்லை.

அந்த நூலகத்தின் கதையை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசிகசாலை வளர்ந்து, 1959 இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1967 இல் அதில் சிறுவர் பகுதி சேர்ந்தது. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. நாற்பது வருடங்களுக்கு மேலாக அந்தச் சுவடிகளைப் பற்றி எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். நான் இந்தக் கட்டுரையில் எழுத நினைப்பது பென்சில் புள்ளிகளைப் பற்றி. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு "இதை வாசி" என்று சொல்வதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது பெரியவர்கள் எழுதி வைத்த சிறுவர் இலக்கிய வரலாற்றுக்கு அருகாலேயே ஓடி வந்திருக்கிறது. கனடாவுக்கு வந்து, ஒரு பிள்ளையை இங்கே வளர்த்த பிறகுதான் அதைத் தேடிப் பார்க்கத் தோன்றியது.

*

இந்த வரலாற்றில் மிகப் பிரபலமான பிள்ளை லண்டனைச் சேர்ந்த ரெய்னர் அன்வின். அவருடைய தந்தை ஸ்ரான்லி அன்வின் 'ஜோர்ஜ் அலன் அன்ட் அன்வின்' பதிப்பகத்தின் தலைவர். சிறுவர் புத்தகங்களுக்குச் சிறுவர்களே நல்ல நீதிபதிகள் என்பது ஸ்ரான்லியின் நம்பிக்கை. அதனால் பதிப்பகத்துக்கு வரும் சிறுவர் கதைகளின் கையெழுத்துப் பிரதிகளை மகனிடம் கொடுப்பார். அவன் வாசித்து ஒரு சிறு மதிப்புரை எழுதித் தர வேண்டும். கூலி ஒரு ஷில்லிங்.

1936 ஒக்ரோபர் மாதத்தில், பத்து வயது ரெய்னரிடம் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஒருவர் எழுதிய கதை வந்தது. அவன் கதையை ஒரு பத்தியில் சுருக்கி, வரைபடங்கள் இருப்பதால் படங்கள் தேவையில்லை என்றும், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் எழுதிக் கொடுத்தான். எழுத்துப்பிழைகளோடு கூடிய மதிப்புரை அது. ரோல்கீனின் 'ஹொபிற்' 1937 செப்ரெம்பரில் வெளிவந்தது. முதல் பதிப்பின் 1,500 பிரதிகளும் அந்த டிசம்பருக்குள் விற்றுத் தீர்ந்தன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. ரெய்னர் வளர்ந்து தந்தையின் பதிப்பகத்திலேயே சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ரோல்கீன் ஆயிரக்கணக்கான பக்கங்களில் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' கதையை எழுதி முடித்திருந்தார். அதைப் பதிப்பித்தால் ஆயிரம் பவுண் நட்டம் வரலாம் என்று கணக்குப் போட்டு, ஆனாலும் இது மேதைமையான படைப்பு என்று நம்புவதாக ரெய்னர் தந்தைக்கு எழுதினார். நீ அப்படி நம்பினால் அந்த ஆயிரம் பவுணை நட்டப்படலாம் என்பது தந்தையின் பதில். பத்து வயதில் "உன் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்கப்பட்ட பிள்ளை, இருபத்தாறு வயதில் தன் அபிப்பிராயத்தை நம்பத் துணிந்தது.

அறுபது வருடங்கள் கழித்து அதே நகரத்தில் அதே காட்சி திரும்ப நடந்தது. 1996 இல் புளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர் நைஜல் நியூற்றன், பெயர் தெரியாத ஒரு எழுத்தாளரின் முதல் அத்தியாயத்தை எட்டு வயது மகள் அலிஸிடம் கொடுத்தார். அவள் வாசித்து முடித்து மாடியிலிருந்து இறங்கி வந்து மிச்சத்தைக் கேட்டாள். 1997 ஜூனில் 'ஹாரி பொட்டர்' வரிசையின் முதல் புத்தகம் வெளிவந்தது. கெட்டி அட்டை போட்ட முதல் அச்சில் 500 பிரதிகள் மட்டுமே.

இரண்டு கதைகளிலும் ஒரு குறை உண்டு. இரண்டு பிள்ளைகளும் பதிப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். மற்றப் பிள்ளைகளிடம் யார் கேட்டார்கள்?

*

நீண்ட காலம் யாரும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, அக்கறைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் சிறுவர் நூலகங்களைக் கட்டியெழுப்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள். நியூயோர்க்கில் ஆன் கரோல் மூர். அவரிடம் வேலை பழகி 1912 இல் ரொறன்ரோவுக்கு வந்த லிலியன் ஸ்மித். பிரித்தானியப் பேரரசில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் சிறுவர் நூலகர் இவர் என்பார்கள். 1922 இல் அவர் சென் ஜோர்ஜ் வீதியில் சிறுவர்களுக்கென்றே தனி நூலக வீடு ஒன்றைத் திறந்தார். பிள்ளைகளுக்குக் கிடைப்பது சிறந்ததாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது இவர்களுடைய கொள்கை. கொலிஜ் வீதியில் இன்று அவர் பெயரில் ஒரு நூலகக் கிளை இருக்கிறது. என் மகளை முதன்முதலில் கதை கேட்கக் கூட்டிப் போனது அங்கேதான். அந்த மனுசிக்கு நான் கடன்பட்டவள்.

ஆனால் சிறந்தது எது என்று தீர்மானிப்பது ஒரு சிலரின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே வரலாற்றில் சான்று உண்டு. 'குட்நைற் மூன்' 1947 இல் வெளிவந்தது. ஆன் கரோல் மூருக்கு அது பிடிக்கவில்லை. அவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. நியூயோர்க் பொது நூலகம் அந்தப் புத்தகத்தை 1972 வரை வாங்கவில்லை. இடையில் இருந்த இருபத்தைந்து வருடங்களில் அமெரிக்கத் தாய்மார் அதை விலை கொடுத்து வாங்கிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1930 இல் தொடங்கிய நான்சி ட்ரூ துப்பறியும் கதைகளையும் பல நூலகர்கள் அலுமாரிக்குள் விடவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் இரவல் வாங்கி வாசித்தார்கள். நூலகத்துக்கு வெளியே, வீட்டுப் படிகளில் இன்னொரு நூலகம் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் படிக்கட்டு நூலகத்துக்கு முதலில் ஒரு பரிசைக் கண்டுபிடித்தவர் புத்தகக் கடைக்காரர் ஒருவர். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் கடை வைத்திருந்த ஹரி ஹார்ட்மன், ஒவ்வொரு மாணவருக்கும் தனக்கு மகிழ்ச்சி தரும் புத்தகத்தைத் தானே தெரிவு செய்யும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1940 இல் தொடங்கிய அந்தப் பரிசுக்கு வடமேற்கு மாநிலங்களின் பிள்ளைகளும் மேற்குக் கனடாவின் பிள்ளைகளும் வாக்களித்தார்கள். பெரியவர்களுக்கு வாக்கு இல்லை. பிறகு மெதுவாக மற்றவர்களும் வந்தார்கள். 1967 இல் பஃபின் புத்தகங்களின் ஆசிரியர் கே வெப் இங்கிலாந்தில் ஒரு வாசகர் கழகம் தொடங்கினார். சின்னம், இரகசியச் சொல், பிள்ளைகள் எழுதும் சஞ்சிகை எல்லாம் அதில் இருந்தன. 1983 இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் லெவார் பேர்ட்டன் நடத்திய 'ரீடிங் ரெயின்போ' வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் சாதாரணப் பிள்ளைகள் திரையில் தோன்றித் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம் என்று பேர்ட்டன் சொல்லிவிட்டு ஒதுங்குவார். ஒதுங்குவதுதான் அங்கே பெரிய விடயம். 1988 இல் பிரான்சில் உயர்பள்ளி மாணவர்கள் கொன்கூர் பரிசுப் பட்டியலை வாசித்துத் தங்களுக்கென ஒரு கொன்கூர் பரிசைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களின் தெரிவும் அவர்களின் தெரிவும் பல வருடங்களில் வேறுவேறாக இருந்திருக்கின்றன.

*

நாங்கள் மட்டும் சும்மா இருந்தோமா? இல்லை.

1947 இல் சென்னையிலிருந்து 'அம்புலிமாமா' வந்தது. 1950 இல் 'கலைமகள்' நிறுவனத்திலிருந்து ஆர்வி ஆசிரியராக 'கண்ணன்' வந்தது. அதே வருடம் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். 'கண்ணன்' தன் வாசகர்களை எழுதச் சொன்ன பத்திரிகை. அதன் போட்டிக்குப் பதின்ம வயதில் 'நந்திமலைச் சாரலிலே' என்ற துப்பறியும் கதையை எழுதிப் பரிசு பெற்ற பெண்ணைத்தான் பிறகு நாங்கள் அம்பை என்று அறிந்தோம். அபிப்பிராயம் கேட்கப்பட்ட பிள்ளைகள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதற்கு எங்களிடமும் ஒரு ரெய்னர் அன்வின் இருக்கிறார். இன்னும் சொல்லப்போனால் எங்கள் ஆள் பதிப்பாளர் வீட்டுப் பிள்ளை அல்ல.

யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்கு நிலைமை வேறு. எழுபதுகளின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. உள்ளூர்ப் பதிப்புக்கு அதனால் நன்மை விளைந்தது, வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகியது அந்தக் காலத்தில்தான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு வீரகேசரி நாவலில் என்ன இருக்கிறது? 1972 இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. இரும்புக்கை மாயாவி எங்கள் ஒழுங்கைக்கு எப்படியோ வந்து சேர்ந்தார். யாரோ ஒருவருடைய மாமா கொண்டு வந்தது, யாரோ கொழும்பில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஒரு பிரதி முப்பது வீடு சுற்றும். அட்டை கிழிந்து, முதல் நான்கு பக்கம் இல்லாமல் வரும். அப்போது புத்தகத்தைத் தருகிற பிள்ளை அந்த நான்கு பக்கக் கதையையும் வாயால் சொல்லித்தான் தர வேண்டும். சொல்லத் தெரியாதவனுக்கு அடுத்த முறை புத்தகம் கிடையாது. பரிந்துரை என்ற சொல்லை நான் அப்போது அறிந்ததில்லை. ஆனால் மதிலுக்கு மேலால் சைக்கிளில் நின்றபடி ஒருவன் மாயாவியின் முதல் நான்கு பக்கத்தை நடித்துக் காட்டியதைவிட நல்ல மதிப்புரையை நான் இன்றுவரை வாசிக்கவில்லை.

1981 ஜூன் முதலாம் திகதி விடிய என் வயது பதின்மூன்று. பெரியவர்கள் சுவடிகளைச் சொல்லி அழுதார்கள். அக்கா மட்டும் என்னிடம் வந்து, "இனி எது நல்லதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டா. அது சின்னக் கேள்வி என்று அன்று நினைத்தேன். புத்தகங்களைத் திரும்ப வாங்கலாம் என்றும் நினைத்தேன். பிறகு வாங்கவும் பட்டன, கட்டடமும் திரும்ப எழுந்தது. நான் அங்கே 2004 இல் போனபோது சிறுவர் பகுதியில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். வெறும் வெள்ளையாக இருந்தது. அந்தப் புத்தகத்தை யாரும் அதுவரை திறந்ததாகத் தெரியவில்லை.

*

2008 இல் என் மகள் ஸ்காபரோவில் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் பத்துப் புத்தகங்களின் பட்டியலோடு வந்தாள். ஒன்ராறியோ நூலகச் சங்கம் 1994 இல் தொடங்கிய 'சில்வர் பேர்ச்' பரிசு அது. இப்போது அது வயதுக்கேற்ப பல மரங்களின் பெயரில் பல பரிசுகளாக வளர்ந்து, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றும் பெரிய காடாகிவிட்டது. விதி எளிமையானது. பத்தில் குறைந்தது ஐந்தை வாசித்தால் வாக்குப் போடலாம். மகள் எட்டு வாசித்தாள். சாப்பாட்டு மேசையில் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு சிநேகிதியோடு சண்டை பிடித்தாள், ஏதோ ஒரு புத்தகத்தின் முடிவு சரியா பிழையா என்று. மே மாதம் ஹார்பர்ஃபிரன்ற்றில் நடந்த விழாவுக்கு நானும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனேன். ஒரு எழுத்தாளர் மேடையில் ஏறியதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெயர் எழுதிய அட்டைகளைத் தூக்கிக் கத்தினார்கள். எங்கள் ஊரில் சினிமா நடிகருக்குக்கூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு அலுமாரித் தட்டு நிறையத் தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் இருந்தன. சென்னைக்குப் போய் வரும்போதெல்லாம் பெட்டியில் பாதியை அவற்றால் நிரப்பி வந்தவள் நான். நீதிக் கதைகள், தெனாலிராமன், தலைவர்களின் வாழ்க்கை. பேச்சுப் போட்டிகளில் அவள் பரிசாகப் பெற்றவையும் அதில் இருந்தன. ஒன்றையும் அவள் தானாகத் திறந்ததில்லை. விழாவிலிருந்து திரும்பிய அன்று இரவு அந்தத் தட்டைக் காட்டிக் கோபமாகக் கேட்டேன், எட்டு இங்கிலிஷ் புத்தகம் வாசிச்ச உனக்கு இதிலை ஒன்றை வாசிக்க ஏலாதா என்று.

"இதெல்லாம் நல்ல புத்தகம் எண்டு ஆர் சொன்னது, அம்மா?"

"பெரியாக்கள்."

"பிள்ளையள் ஒருத்தரும் சொல்லேல்லையா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பதினேழாம் பக்கத்தைத் திறந்து பார்த்து வளர்ந்தவள், என் பிள்ளைக்கு ஒரு புள்ளிகூட இல்லாத புத்தகங்களை வாங்கி அடுக்கி வைத்திருந்தேன்.

*

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். தமிழ் பேசுவாள், வாசிப்பது சிரமம். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

நான் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ் வகுப்பில் உதவிக்குப் போகிறேன். போன வருடம் ஆசிரியையிடம் அனுமதி கேட்டு இருபத்திரண்டு புத்தகங்களை மேசையில் பரப்பினேன். பதினான்கு பிள்ளைகள். ஆறு வாரம் நேரம். பிடித்த புத்தகத்துக்கு ஒரு அட்டை எழுத வேண்டும், தமிழிலோ இங்கிலிஷிலோ, அடுத்த வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல. பிடிக்காவிட்டாலும் எழுதலாம். இந்தக் கடைசி விதியை ஆசிரியை விரும்பவில்லை. பெற்றோர் ஒருவர், பிள்ளைகள் தமிழை மதிப்பிடும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்று எனக்குச் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பத்து வயது ரெய்னரின் கணிப்பும் பாதி பிழைதான், 'ஹொபிற்' ஒன்பது வயதோடு நின்றுவிடவில்லை. சில்வர் பேர்ச் பட்டியலின் பத்துப் புத்தகங்களையும் முதலில் தெரிவு செய்வது பெரியவர்களின் குழுதான். பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைசிச் சொல்லை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறேன்.

அட்டைகள் வந்தன. நான் மிகவும் நம்பிக் கொண்டுபோன வரலாற்றுக் கதைக்கு ஒன்றும் வரவில்லை. நான்கு பேர் எழுத்து மிகச் சிறிது என்று எழுதினார்கள். ஒரு பெண் பிள்ளை, இந்தக் கதையில் எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறார்கள், ஏன் என்று எழுதினாள். ஐந்து பேருக்குப் பிடித்தது ஒரு யானையைப் பற்றிய பதினாறு பக்கப் படப் புத்தகம், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு என்று நான் நினைத்தது. அவர்களால் முழுதாக வாசிக்க முடிந்த புத்தகம் அது ஒன்றுதான். ஒரு புத்தகத்தை முடித்த சந்தோசத்தைத்தான் அவர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கும் எனக்குத் தெரிந்தது. ஒன்ராறியோப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் பத்துப் புதிய கனடியப் புத்தகங்கள் கிடைக்கின்றன. இங்கே வளரும் எங்கள் பத்து வயதுப் பிள்ளைக்கென்று, அவனுடைய தமிழில், அவனுடைய பனியும் பள்ளிப் பேருந்தும் வருகிற பத்துக் கதைகளை வருடா வருடம் யார் எழுதுகிறோம்? பேச்சுப் போட்டி வைக்கிறோம், குறள் மனனப் போட்டி வைக்கிறோம், கேடயம் கொடுக்கிறோம். என்ன வாசித்தாய், பிடித்ததா என்று கேட்பதில்லை. பிடிக்கவில்லை என்ற பதில் வந்தால் அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை வந்துவிடும்.

பதினான்கு அட்டைகளில் ஒன்றை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எழுதியவனுக்கு ஒன்பது வயது. யாருடைய அப்பாவோ கொடுத்தனுப்பிய, அட்டை இல்லாத பழைய காமிக்ஸ் புத்தகம் ஒன்றும் அந்த மேசையில் கிடந்தது, அதைப் பற்றி எழுதியிருந்தான். பாதி தமிழ், பாதி இங்கிலிஷ். முதல் பக்கங்கள் இல்லை, பயப்பட வேண்டாம், என்னிடம் வந்தால் கதை சொல்லித் தருவேன் என்பது அதன் சாரம். அடியில் தன் பெயரையும் வகுப்பு அறை எண்ணையும் எழுதியிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை இடைவேளையில் அந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேர் அவனிடம் வந்திருந்தார்கள்.